போர்க்கால லேஸை இணையத்தில் ஏற்றுவது: நூலை எண்ணிப் பார்ப்பவருக்காக

லேஸ் சேகரிப்பை இணையத்தில் போட வேண்டும் என்று வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன கேமரா வாங்கலாம்?" கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம். படத்தை யார் பார்க்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், லேஸ் பின்னத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அவர் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவார். ஒரு இலையின் நுனியில் நூல் எப்படித் திரும்புகிறது, எத்தனை ஜோடி நூல் உள்ளே வந்தது, எங்கே வெட்டி முடித்திருக்கிறார்கள் என்றெல்லாம் தேடுவார். அவருக்குப் பதில் கிடைக்கிற மாதிரி எடுத்த படம் வரலாற்று ஆய்வாளருக்கும் போதும், சும்மா ரசிக்க வந்தவருக்கும் போதும். ரசிகரை மட்டும் நினைத்து எடுத்த படம் பின்னுகிறவருக்குப் போதாது.

நான் அருங்காட்சியகத் துணிகளைப் படமெடுப்பவள். ஓய்வு நேரத்தில் பாபின் லேஸ், அதாவது சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைக் கொண்டு செய்யும் லேஸ், பின்னுவேன். அதனால்தான் இந்தப் பாரபட்சம். முதல் உலகப் போர்க்காலத்தில் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட லேஸை வைத்தே இதைச் சொல்கிறேன். கையாள்வதிலும் படமெடுப்பதிலும் எழுதுவதிலும் வரக்கூடிய சிக்கல் எல்லாம் அந்த ஒரு சேகரிப்பிலேயே இருக்கிறது.

கதை சுருக்கமாக இதுதான். 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு அது. ஒரு பக்கம் ஆக்கிரமிப்பு, மறுபக்கம் பிரிட்டனின் கடல் முற்றுகை. அதே ஆண்டு அக்டோபரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் லண்டனில் பெல்ஜிய நிவாரண ஆணையம் தொடங்கியது. உணவோடு சேர்த்து லேஸ் நூலையும் உள்ளே கொண்டுபோகவும், முடித்த லேஸை நேச நாடுகளில் விற்க வெளியே கொண்டுவரவும் ஹூவர் பேச்சுவார்த்தை நடத்தி அனுமதி வாங்கினார். பிரஸ்ஸல்ஸில் இருந்த லேஸ் குழு வேலையைப் பகிர்ந்து கொடுத்தது. பெல்ஜிய ராணி எலிசபெத் அதன் புரவலர். ஏறத்தாழ 50,000 பெண்களுக்கு இதனால் வேலை கிடைத்தது. அந்த லேஸில் பூவும் கொடியும் மட்டும் இருக்காது. பெல்ஜியச் சிங்கம், அமெரிக்கக் கழுகு, பிரெஞ்சுச் சேவல், பெல்ஜியத்தின் அன்றைய ஒன்பது மாகாணங்களின் சின்னங்கள், நேச நாடுகளின் முத்திரைகள், சில நேரம் ஆண்டு எண் என்று எல்லாம் நூலிலேயே இருக்கும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட லேஸ் தொகுப்பு ஒன்று உண்டு.

கை வைப்பதற்கு முன்

மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். அதன் இழை லேஸில் மாட்டும். நைட்ரைல் கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கையே போதும். லேஸை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அமிலமற்ற தாளை அடியில் நுழைத்து, தாளோடு அட்டைமேல் நகர்த்துங்கள். லேஸை நகர்த்தாமல் அட்டையை நகர்த்தப் பழகிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

பழைய அட்டையில் தைத்து வைத்திருந்தால் பிரிக்காதீர்கள். விலைச் சீட்டு, எண் எழுதிய துண்டுக் காகிதம், குண்டூசி குத்திய இடம் இதெல்லாமே சாட்சியம். இருக்கிற நிலையிலேயே முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்த பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும். குண்டூசி துருப்பிடித்திருந்தால் அதை எடுப்பது துணிப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. துரு நூலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் நூலும் வரும். படத்தில் வெள்ளையாகத் தெரியட்டும் என்று துவைப்பது, இஸ்திரி போடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். பழுப்பேறிய லேஸ் படத்திலும் பழுப்பாகவே இருக்கட்டும்.

வகை தெரியாமல் விளக்குப் போடாதீர்கள்

பலர் படமெடுத்து முடித்துவிட்டு வகையைத் தேடுவார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். எந்த வகை என்று தெரிந்தால்தான் வெளிச்சத்தை எங்கே வைப்பது, எந்த இடத்தை நெருக்கமாக எடுப்பது என்று தெரியும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் கையில் இருந்தால் போதும்.

முதல் கேள்வி: ஊசியா, பாபினா? ஊசி லேஸில் எல்லாமே காஜா தையல்தான். சட்டைக்கு காஜா எடுக்கிற அதே முடிச்சு வளையம், ஒன்றோடொன்று கோர்த்து வரிசை வரிசையாகப் போகும். பாபின் லேஸில் நூல்கள் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கும். நிரம்பிய இடங்கள் சின்னஞ்சிறு நெசவாகத் தெரியும். இரண்டும் ஒரே துண்டில் வரலாம் என்பதுதான் போர்க்கால லேஸில் வரும் வம்பு. பாபினில் செய்த டச்செஸ் இலைகளுக்கு நடுவே ஊசியில் செய்த பாயின்ட் டி காஸ் வட்டம் ஒன்றை வைத்திருப்பார்கள். பதிவில் 'டச்செஸ்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேரின் உழைப்பு காணாமல் போகும்.

அடுத்தது பூக்களுக்கு இடையே உள்ள வலை. வேலன்சியென் லேஸில் அது சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும், நாலு பக்கமும் நான்கு நூல் சேர்த்துச் சடை பின்னியது போல. மெக்லின் லேஸில் அறுகோணம்; இரண்டு பக்கம் மட்டும் பின்னல், மற்ற நாலும் வெறும் முறுக்கு. லீல் லேஸில் பின்னலே கிடையாது, எல்லாம் முறுக்கு, அதனால் பார்க்கவே லேசாக இருக்கும். பாயின்ட் டி காஸில் வலையே மெல்லிய காஜா வளையங்கள். பின்ஷ் லேஸில் பனித்துகள் சிதறின மாதிரி ஒரு நிரப்பல் வரும். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

எல்லாமே கைவேலை என்று நம்பிவிடவும் கூடாது. பிரஸ்ஸல்ஸ் அப்ளிக்கேஷன் வகையில் பூக்கள் கையால் செய்தவை. அவற்றை இயந்திர நெட் துணியின் மேல் வைத்துத் தைத்திருப்பார்கள். நெட் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு வலைக்கண்ணும் அச்சடித்தாற்போல ஒரே அளவில் இருக்கும். பூவின் ஓரம் நெட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படியானால் 'பூ: கைவேலை, வலை: இயந்திரம்' என்று எழுதுங்கள். அதில் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை.

வெளிச்சமும் கோணமும்

வெள்ளை லேஸுக்குக் கருநீலம் அல்லது கறுப்பு, மினுங்காத காகிதப் பலகை. வெல்வெட் வேண்டாம், தூசும் இழையும் உதிர்ந்து லேஸுக்குள் போய்விடும், பிறகு படத்தில் ஒவ்வொன்றையும் நீக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கறுப்பு ஷான்டில்லி லேஸுக்கு வெளிர் பின்னணி. ஒரு சேகரிப்பு முழுக்க ஒரே பின்னணி நிறம் இருந்தால் இணையப் பக்கமும் ஒழுங்காகத் தெரியும்.

கேமரா நேர் மேலே, லேஸுக்குச் சமதளமாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க எளிய வழி, மேசையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துக் கேமரா வழியாகப் பார்ப்பது. லென்ஸின் பிம்பம் படச் சட்டத்தின் நட்டநடுவே தெரிந்தால் சரி. இல்லையென்றால் சட்டத்தின் ஒரு மூலை மங்கும்; சதுர மேசை விரிப்பு கோணலாக வரும்.

இரண்டு பக்கமும் 45 டிகிரியில் எல்இடி விளக்கு. இது பொதுப் படத்துக்கு. வேலை அதோடு முடிந்தது என்று பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். ஆனால் பாயின்ட் டி காஸ் ரோஜாவில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனியே தூக்கி நிற்கும். இதழின் ஓரத்தில் தடித்த நூல் மேடாக ஓடும். இரு பக்க வெளிச்சத்தில் அந்த மேடு சுத்தமாகத் தட்டையாகிவிடும். ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் 15-20 டிகிரி சாய்வில் வெளிச்சம் பாயும்படி வைத்து இன்னொரு படம் எடுங்கள். இதழ்களின் நிழல் விழும்போதுதான் ஏன் அந்த ஒரு ரோஜாவுக்கு அத்தனை நாள் பிடித்தது என்று புரியும். வலையை மட்டும் பார்க்க, லேஸின் அடியில் ஒளிப்பெட்டி வைத்து ஒரு படம். இவ்வளவும் எடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது, குறையாது. காட்சிக்கு வைக்கும் துணிக்கே 50 லக்ஸ் (வெளிச்ச அளவின் அலகு) என்றுதான் அருங்காட்சியகங்கள் வரம்பு வைக்கின்றன.

கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் கறுப்புப் பின்னணியைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். நூலெல்லாம் வெளுத்து ஒட்டிப்போகும். கையால் அமையுங்கள். கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடமான ஹிஸ்டோகிராமில் வலது ஓரம் முட்டாமல் இருக்க வேண்டும். நிற அட்டையும் அளவுகோலும் படத்துக்குள் இருக்கட்டும். தளத்தில் போடும் நகலில் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம், மூலக் கோப்பில் கட்டாயம்.

இப்போது கேமரா கேள்விக்கு வரலாம். நுண்ணிய லேஸ் நூல் ஒன்றின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 12 பிக்சல், அதாவது ஒரு நூலுக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேலே. வடிவம் தெரியும், நூல் எண்ண முடியாது. 1200 பிபிஐ என்றால் ஒரு நூலுக்கு ஏறத்தாழ 5 பிக்சல், தாராளமாக எண்ணலாம். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த அளவுக்கு எடுத்தால் ஒரு சட்டத்தில் சுமார் 12.7 க்கு 8.5 சென்டிமீட்டர் அடங்கும். ஆக, புதுக் கேமரா வேண்டாம். நல்ல மேக்ரோ லென்ஸும் ஆடாத தாங்கியும் போதும். முழுத் துண்டு 300-இல், முக்கியமான இடங்கள் 1200-இல் என்று வைத்துக்கொள்ளலாம். 1.8 மீட்டர் சதுர மேசை விரிப்பை முழுதாக 600-இல் எடுக்க ஆசைப்பட்டால், 16 பிட் கோப்பு 10 ஜிபியைத் தாண்டும். சாதாரண டிஃப் (தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வடிவம்) கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது.

பெரிய விரிப்புகளைத் துண்டு துண்டாக எடுத்து மென்பொருளில் ஒட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. லேஸில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். மென்பொருள் மூன்றாவது பூவை நாலாவது பூ என்று நினைத்து ஒட்டிவிடும். பார்க்க அழகாகவே இருக்கும், ஒரு பூ மட்டும் குறையும். ஒன்பது மாகாணச் சின்னங்களில் எட்டுதான் படத்தில் இருக்கிறது என்று யாரோ ஒரு பார்வையாளர் எழுதும்வரை தெரியாது. படங்களைக் குறைந்தது 30 சதவீதம் மேற்படிய எடுங்கள். லேஸைச் சுற்றிலும் பலகையில் எண் எழுதிய சிறு சீட்டுகளை வையுங்கள். ஒட்டிய பிறகு சின்னங்களையும் ஓர வளைவுகளையும் உண்மையான துண்டோடு வைத்து எண்ணிப் பாருங்கள்.

வலைமேல் வானவில் போல அலை தெரிந்தால் அது மொய்ரே. லேஸின் கண்களும் கேமராவின் பிக்சல் கட்டமும் மோதுவதால் வருவது. கேமராவைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ எடுத்தால் போய்விடும். பின்னால் அதைத் திருத்தலாம் என்று விட்டால் நூலும் சேர்ந்து அழியும்.

பின்பக்கத்தையும் எடுங்கள், தயவுசெய்து. டச்செஸ், ப்ரூஜ் வகைகளில் பின்னுகிறவர் பின்பக்கத்தைத் தன் முகத்துக்கு நேரே வைத்துத்தான் பின்னுவார். நூல் ஆரம்பித்த இடம், முடிச்சு, வெட்டிய நுனி, ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நூலைக் கடத்திய தடம் எல்லாம் அங்கேதான். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று சந்தேகமானால் எழுத்தையோ ஆண்டு எண்ணையோ பாருங்கள். நேராகப் படிக்க வருகிற பக்கம் முன்பக்கம். எழுத்து இல்லாவிட்டால் மேடு எந்தப் பக்கம் என்று விரலால் தடவாமல், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

ஸ்கேனர் பற்றிக் கேட்பீர்கள். தட்டையான, உறுதியான, சிறிய ஓரப்பட்டைக்குச் சரி. மூடியை அழுத்தாமல் மேலே கறுப்பு அட்டை மட்டும் வைத்து எடுக்கலாம். இதழ் தூக்கி நிற்கும் லேஸைக் கண்ணாடிமேல் கவிழ்க்காதீர்கள்.

பதிவில் எழுத வேண்டியது

கோப்புப் பெயர் அருங்காட்சியகத்தின் சேர்க்கை எண்ணாக (பொருள் சேகரிப்பில் சேர்ந்தபோது கொடுத்த எண்) இருக்கட்டும். இடைவெளி, 'கடைசி', 'புதியது' எதுவும் வேண்டாம். மூலப் படம் டிஃப், தளத்துக்கு ஜேபெக். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். இது எல்லாச் சேகரிப்புக்கும் பொது.

லேஸுக்கு மட்டுமான விஷயம், நுட்பத்தையும் வகைப் பெயரையும் தனித்தனிப் புலத்தில் எழுதுவது. 'பாபின் லேஸ்' நுட்பம், 'டச்செஸ்' வகை. நுட்பத்தைக் கண்ணால் உறுதி செய்யலாம். வகைப் பெயர் பல நேரம் வியாபாரிகள் வைத்தது. ஒரே துண்டுக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டையும் குழப்பினால் நிச்சயமானதும் சந்தேகமானதும் ஒரே பெட்டியில் போய் விழும். பொதுச் சொற்களுக்கு கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் இருக்கிறது. அதன் எண்ணை இணைத்துவிட்டால் மற்ற அருங்காட்சியகங்களின் பதிவுகளோடு உங்களுடையதும் தேடலில் சேர்ந்து வரும்.

பெல்ஜிய ஊர்களுக்கு பிரெஞ்சிலும் டச்சிலும் பெயர் உண்டு. மாலின், மெக்கலன் இரண்டும் ஒரே ஊர். ஈப்ர், ஈப்பர் இரண்டும் ஒரே ஊர். இரண்டையும் தேடல் புலத்தில் போடுங்கள்.

செய்தவர் பெயர் கிடைப்பது அரிது. அந்த இடத்தில் 'தெரியாதவர்' என்று ஒரு சொல்லைப் போட்டு முடிப்பது எனக்குப் பிடிக்காது. 'பெயர் பதியப்படாத பெல்ஜிய லேஸ் தொழிலாளர்கள், பிரஸ்ஸல்ஸ் லேஸ் குழு வழியாக' என்று எழுதலாம், அந்தக் குழுவின் தொடர்புக்குச் சான்று இருந்தால். சான்று இல்லையென்றால் குழுவின் பெயரைச் சேர்க்காதீர்கள். சிங்கம் இருப்பதாலேயே அது போர்க்கால லேஸ் ஆகிவிடாது; சிங்கம் பெல்ஜியத்தில் எப்போதும் உண்டு. ஆண்டு எண், நேச நாடுகளின் சின்னங்கள் ஒன்றாக வருவது, நிவாரண ஆணையத்தின் சீட்டு, நன்கொடைக் கடிதம் இவற்றில் எதை வைத்துப் போர்க்காலம் என்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சின்னங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'மேல் இடது மூலையில் லியேஜ் மாகாணச் சின்னம்' என்று எழுதினால் லியேஜைத் தேடுபவர் வந்து சேர்வார். பார்வையற்றோருக்கான படவிளக்கத்துக்கும் அதே வரி உதவும். 'அழகிய பழைய லேஸ்' என்று எழுதும் விளக்கம் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

நன்கொடையாளர் கடிதங்களில் குடும்ப விவரம், முகவரி இருக்கும். அவற்றை அப்படியே தளத்தில் ஏற்றாமல் தேவையான வரியை மட்டும் எடுத்தாளுங்கள்.

உரிமையும் தளமும்

பெல்ஜியத்தில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை. போர்க்கால லேஸ் சிலவற்றை ஓவியர்கள் வரைந்து கொடுத்தார்கள். வரைந்தவர் பெயர் தெரிந்தால் இறந்த ஆண்டைப் பாருங்கள். உங்கள் புகைப்படத்துக்குத் தனியே உரிமை கோருவது பற்றி என் கருத்து வெளிப்படையானது: வேண்டாம். உரிமை முடிந்த காட்சிக் கலைப்படைப்பை அப்படியே நகலெடுக்கும் படத்துக்குப் புது உரிமை இல்லை என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை ஆணையின் 14-ஆம் பிரிவு. ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை, யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்ற சிசி ஜீரோ உரிமத்தில் திறந்துவிட்டது. பின்னுகிறவர் படத்தைத் தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்து, குண்டூசிக்கான புள்ளிகளைக் குறித்து மறுபடி பின்னிப் பார்ப்பார். அதற்கு அவர் உங்களிடம் அனுமதிக் கடிதம் கேட்டுக் காத்திருக்க வேண்டுமா? பதிவிறக்கப் பொத்தான் முழு அளவுக் கோப்பையே தரட்டும்.

பெரிய படத்தைக் காட்ட ட்ரிபிள் ஐ எஃப் (படங்களை இணையத்தில் பகிர்வதற்கான பொதுத் தரம்) முறையும் ஓப்பன்சீட்ராகன் போன்ற இலவசப் பார்வைக் கருவியும் போதும். பார்ப்பவர் பெரிதாக்கும் இடம் மட்டும் கட்டம் கட்டமாக இறங்கும். மெதுவான இணைப்பிலும் ஓடும். முன், பின், சாய்ந்த வெளிச்சம், ஒளிப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே பொருளின் கீழ் வரிசையாக வையுங்கள்.

சிறுபடம் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். முழு மேசை விரிப்பைச் சிறிதாக்கினால் வெள்ளைத் திட்டாகத் தெரியும், மொய்ரே வேறு வந்து சேரும். பட்டியலில் பத்து திட்டு இருந்தால் யாரும் சொடுக்க மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் நல்ல ஒரு இடத்தை வெட்டி வையுங்கள்: கழுகின் தலை, ஒரு ரோஜா, ஆண்டு எண். உள்ளே போனதும் முதல் படம் முழுத் துண்டு.

ஏற்றிய பிறகு திருத்தங்கள் வரும், நிச்சயம் வரும். லேஸ் பின்னுபவர்கள் பொறுமைசாலிகள்; 'மேலிருந்து இரண்டாவது இலையில் இருப்பது முறுக்கு, நீங்கள் பின்னல் என்று எழுதியிருக்கிறீர்கள்' என்று எழுதுவார்கள். அதற்கென ஒரு மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். அந்தப் பெட்டியை யார் பார்ப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். திருத்தம் சரியென்றால் பதிவை மாற்றுங்கள், பழைய வகைப் பெயரை அழிக்காமல் 'முன்பு இவ்வாறு பதியப்பட்டது' என்று தேதியோடு கீழே வைத்துவிடுங்கள். பழைய பெயரை மேற்கோள் காட்டி ஏற்கெனவே எங்கோ எழுதியிருப்பவர் அதை வைத்துத்தான் தேடி வருவார்.